ஆறு ஊர், மூன்று மழை

ஆறு ஊர், மூன்று மழை:
பதினெட்டுப் பத்தியாக எண்கள்.
இருபத்து நான்கு பார்லி வரிசைகள்,
எதற்கும் இன்னும் பெயரில்லை.
பெயர் வைத்தால் பாசம் ஒட்டிக்கொள்ளுமாம்,
செர்ஃபு கண்டிப்பாக இருக்கிறார்.
ஆனாலும் ஒன்பதைப் பற்றிப் பேசும்போது
அவர் குரல் கொஞ்சம் இளகத்தான் செய்கிறது.

பெகோஜியில் ஒன்பது
எள் என்றால் எண்ணெயாக நிற்கும்.
ஒரு பிடி உரத்துக்கு மார்பளவு எழும்,
கதிர் கனத்துத் தலை சாயும்.
அடிஸ் அபாபாவிலிருந்து வந்த அதிகாரிகள்
அதன் பக்கத்தில்தான் படம் எடுத்துக்கொண்டார்கள்.
அதே ஒன்பது
ஷெனோவின் கரிசலில், நீர் வடியாத ஆகஸ்டில்,
மஞ்சளாகி மண்டியிட்டது.
ஹெக்டேருக்கு நான்கு குவிண்டால்.
விதைத்ததே ஒன்றேகால்.

கோடு போட்டுப் பார்க்கிறேன்.
கிடையாக ஊரின் வளம்,
நெடுகே வரிசையின் விளைவு.
ஒன்பதின் கோடு செங்குத்துப் பாறை.
நான்கின் கோடு தரையோடு தரை:
கொழுத்த மண்ணிலும் பதினோரு குவிண்டால்,
உறைபனி கருக்கிய மண்ணிலும் பதினோரு குவிண்டால்.
கணினி அதைத்தான் பட்டியலின் தலையில் வைக்கிறது.
மாறாமல் பட்டினி போடுவதும்
அதற்கு நிலைதான்.

நடுவில் பதினேழு.
யாரும் பக்கத்தில் நின்று படம் எடுக்காத பதினேழு.
நல்ல ஊரில் நல்லதாக,
கெட்ட ஊரில் கெட்டுப்போகாமல்.
சரிவு ஒன்றுக்கு அருகில்.
கோட்டை விட்டு விலகிய புள்ளிகள்
விரல் விட்டு எண்ணக்கூடியவை.

தெப்ரே பிர்ஹானில் மட்டும் அதன் மூன்றாம் பாத்தி காலி.
வுபாலெம் குறிப்பேட்டில் எழுதியிருந்தாள்:
"ஜெலாடாக் குரங்குகள். பதின்மூன்று.
மற்றப் பாத்திகளைத் தொடவில்லை."
அட்டவணையில் அந்தக் கட்டத்துக்கு
வெறும் புள்ளி வைத்தேன்.
குரங்கு போட்ட ஓட்டைச் சேர்க்க
என் சூத்திரத்தில் இடமில்லை.

இதையெல்லாம் எடுத்துக்கொண்டு ஷெனோவுக்குப் போனேன்,
சோதனைக்கு நிலம் தந்த யெஷிமெபெத்திடம்.
வண்ணக் கோடுகளை ஈரக் கையால் தொடாமல்
எட்ட இருந்தே பார்த்தாள்.
"எனக்கு ஆறு ஊர் இல்லை.
இந்த ஒரு நிலம்தான்.
பெகோஜியில் இது எப்படி விளைந்தால் எனக்கென்ன?"

பதில் வைத்திருந்தேன், சராசரி பற்றி,
பிழைவரம்பு பற்றி.
அவளோ அதற்குள் விரல் மடக்கத் தொடங்கியிருந்தாள்:
மழை ஒரு மாதம் பிந்திய வருடம்.
மழை நிற்கவே மறந்த வருடம்.
பால் பிடிக்கும் நேரத்தில் உறைபனி இறங்கிய வருடம்.
உர லாரி வராத வருடம்.
மகன் ஆஸ்பத்திரியில் கிடக்க
களையெடுக்க ஆளில்லாமல் போன வருடம்.

ஐந்து விரலும் மடங்கிவிட்டன.
இரண்டாவது கையை அவள் தொடங்கவில்லை.

திரும்பும் வழியில், பேருந்தின் குலுக்கலில்,
பத்திகளை மனதுக்குள் கலைத்து அடுக்கினேன்.
ஒரு நிலத்துக்குள்ளேயே எத்தனை ஊர்.
கடைசி விரலுக்கு மட்டும் தலைப்பு கிடைக்கவில்லை.
மழைமானி உண்டு, மண்ணின் புளிப்பை அளக்கக் கருவி உண்டு,
களையெடுக்காத வரப்பில் நின்று
ஆஸ்பத்திரிப் பக்கம் பார்ப்பதை
எந்த அலகில் எழுதுவது?

வியாழக்கிழமை குழு கூடுகிறது.
மொத்தச் சராசரியில் ஒன்பதுதான் முதல்.
செர்ஃபு அதற்குப் பெயர்கூட யோசித்துவிட்டதாகக் கேள்வி.
நான் ஒரே ஒரு பக்கம் தயார் செய்திருக்கிறேன்,
ஒன்பது வாங்கிய மிகக் குறைந்த எண்ணையும்
பதினேழு வாங்கிய மிகக் குறைந்த எண்ணையும்
பக்கத்தில் பக்கத்தில் வைத்து.
நான்கு. பதினாறு.
விளக்கவுரை எதுவும் எழுதவில்லை.

புறப்படும்போது யெஷிமெபெத்
காகிதக் கூம்பில் வறுத்த பார்லி தந்தாள்.
பாத்தி ஓரத்தில் சிந்தியதைப் பொறுக்கியதாம்.
எந்த வரிசை என்று கேட்டேன்.
தோளைக் குலுக்கினாள்.

விளக்கடியில் மென்றுகொண்டே
கோடுகளைச் சரிபார்க்கிறேன்.
உப்பு அளவாக இருக்கிறது.