சின்ன ர

ஜாலி மொஹல்லாவின் நான்காவது சந்தில்
பகலிலும் டியூப் லைட் எரியும்.
நயாஸ் பாய் கடையில் எனக்கு வேலை:
கம்ப்யூட்டரின் சூட்டை வாங்கி வெளியே விட்ட
தகட்டுச் சீப்புகளை
இனம் பார்த்துப் பிரிப்பது.

முதலில் காந்தம்.
திருகாணி, கிளிப், ஸ்பிரிங்
ஓடி வந்து ஒட்டும்.
இரும்புக்கு ஒளியத் தெரியாது.
ஒன்றிரண்டு உள்ளே தங்கிவிட்டாலும்
கிலோவுக்கு இருபது ரூபாய் குறைப்பான் சேட்டு.

சிலதில் அலுமினியத்தின் நடுவே
செம்பு வட்டை அழுத்திச் செருகியிருக்கும்.
உளி வேண்டாம், அடுப்பில் வைத்தால் போதும்.
செம்பைவிட அலுமினியம் கூடுதலாக விரியும்.
பிடி தளரும்.
கவிழ்த்துத் தட்டினால் டணக்கென்று விழும்.
சூட்டைத் துரத்தச் சேர்த்த இரண்டையும்
சூடுதான் பிரிக்கிறது.
இதை யோசித்தபடி நின்று
ஒருமுறை விரலைச் சுட்டுக்கொண்டேன்.

செம்புக் குழாயை அறுத்தால்
உள்ளே கொஞ்சம் ஈரம்.
எந்த தேசத்துத் தண்ணீரோ.
துடைத்துவிட்டு எடை போடுவோம்.

கடைசியில்தான் அரம்.
நிக்கல் முலாம் பூசினால்
செம்பும் அலுமினியம் மாதிரியே வெளுத்திருக்கும்.
மூலையில் ஒரே இழுப்பு.
சிவப்பு தெரிந்தால் நாலைந்து மடங்கு விலை.

நேற்று மத்தியானம் ஹனுமக்கா வந்தாள்.
ஒயிட்ஃபீல்டில் எவனோ காலி செய்த ஆபீஸை
மூன்று நாள் பெருக்கியதற்கு
பாதிக் கூலி பணமாம்,
மீதி இந்த மூட்டையாம்.
"எல்லாம் அலுமினியம்" என்றாள்.
சின்ன மூட்டைதான்.
இறக்கக் கை கொடுத்தபோதே
என் மணிக்கட்டுக்குத் தெரிந்துவிட்டது.

பாய் என்னைப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
தராசுத் தட்டைத் துடைத்தார்.
பதினொரு கிலோ எண்ணூறு.
கால்குலேட்டரில்
அலுமினியத்தின் விலையைப் போட்டார்.

கெட்டவர் இல்லை பாய்.
மகளின் ஃபீஸுக்கு ஜூனில் முன்பணம் தந்தவர்.
இந்த மாதிரி மூட்டை வந்த சாயங்காலங்களில்
என் கையிலும் ஒரு நூறு ரூபாய் வந்திருக்கிறது.
நான் ஏன் என்று கேட்டதில்லை.

கையில் அரம் இருந்தது.
கௌரிபாளையத்துத் தமிழ்ப் பள்ளியில்
மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான்.
சொல்வதெழுதுதலில் இந்த ஒரு சொல்லுக்கு
ஸ்டெல்லா டீச்சரிடம் இரண்டு முறை அடி.
பெரிய ற போட்டால் அது வேறயாம்.
சொல்லிப் பார்த்தால்
என் வாயில் இரண்டும் ஒன்றுதான்.

ஹனுமக்கா முந்தானையில் கையைத் துடைத்து
பணத்துக்கு நீட்டினாள்.

நான் எதையும் உரசவில்லை.
எதுவும் சொல்லவும் இல்லை.
அரத்தை மட்டும் மூட்டைமேல் வைத்தேன்,
அவள் பக்கமாக.
காலையில் உரசிய செம்பு
அதன் பல்லிடுக்கில்
இன்னும் சிவப்பாக இருந்தது.

பாய் நோட்டுகளை
மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்.