எடைப்பாலத்தில் இரவு வேலை

மணி இரண்டு. கடைசி லாரி இறங்கிப் போன பிறகும்
திரையில் நாற்பது கிலோ நிற்கிறது.
பாலத்தில் யாருமில்லை.

எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்த குணசீலன்
அந்த எண்ணைப் பார்த்த மறுநாளே
மோட்டாரைக்கூட எடுக்காமல் சிரம்பான் பஸ் ஏறிவிட்டான்.
அவன் கதை அவ்வளவுதான்:
ஓர் எண், ஓர் அலறல், ஒரு பஸ்.

நானும் முதல் வாரம் கதவைத் தாழிட்டேன்.
சட்டைப்பையில் திருநீறு.
விடியும்வரை கழிப்பறைக்குக்கூடப் போகவில்லை.

மூன்றாம் வாரம், முப்பது.
'இளைத்துவிட்டாளே' என்றது வாய்.
அவள் என்று சொன்னதும் ஏதோ திறந்துகொண்டது,
எந்தப் பக்கமாக என்று தெரியவில்லை.

இப்போது பாலத்தோரம் தினம் ஒரு மைலோ வைக்கிறேன்.
அவள் கணக்குக்குத் தனி நோட்டு.
பதிலுக்கு,
திருட்டுச் செம்பனை ஏற்றிய லாரி வந்தால்
எண்கள் நடுங்கிக் காட்டிக்கொடுக்கும்.
மண்டோர் என்னைக் கெட்டிக்காரி என்கிறார்.

நேற்று விளையாட்டாக நானே ஏறி நின்றேன்.
திரையில் சுழியம்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம், என் நாற்காலியில்
யாரோ நோட்டைத் திறந்து
என் பெயரை எழுதுகிறார்கள், நிதானமாக,
தவமலர், எழுத்துப்பிழை இல்லாமல்.

அலறத் தோன்றவில்லை.
இங்கே வழக்கம் அப்படி.
நாளைக்கு மைலோ வாங்க
அவளிடம் சில்லறை இருக்குமா என்பதுதான் யோசனை.