அரை விகலை

எட்டு டன் கான்கிரீட் பந்து.
ஓராண்டாக நின்ற இடத்தில்
புல் வெளுத்து வட்டமாகச் செத்திருக்கிறது.
அங்கிருந்து பதினான்கரை மீட்டர் வடக்கே
ஆப்பு அடித்துவிட்டு
நில அளவையாளர் ஓட்கெல் காப்பிக்குப் போய்விட்டார்.
பந்தைத் தள்ளுவது என் வேலை.
எனக்கு மண்வாரி ஓட்டத் தெரியும்.
கிரிம்சே தீவில் அது போதும்.

நேற்றுப் படகில் வந்த ஒரு பெல்ஜியக்காரன்
கோடு எங்கே என்று குனிந்து குனிந்து தேடினான்.
கோடு இல்லை ஐயா, கோணம்.
பூமியின் நட்டநடுவில் ஒரு முனை,
அதிலிருந்து ஒரு கை நிலநடுக்கோட்டுக்கு நீள்கிறது,
இன்னொன்று உங்கள் செருப்படிக்கு.
இரண்டுக்கும் இடையே விரிந்திருப்பது
அறுபத்தாறு பாகை, முப்பத்து நான்கு கலை.
நம்பாவிட்டால் இரவுவரை இருங்கள்.
கையை நீட்டி முஷ்டி மடக்கி
கடல்விளிம்பிலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள்.
ஒரு முஷ்டிக்குப் பத்துப் பாகை.
ஆறரை ஏறியதும்
துருவ நட்சத்திரம்.

மேகம், என்றான்.
ஆமாம், இங்கே மேகம்தான்.

பூமி தன் சாய்வை மெல்ல நிமிர்த்துகிறதாம்,
நாற்காலியில் கண்ணயர்ந்தவர்
யாரும் பார்க்காதபோது நிமிர்வதுபோல.
அதனால் துருவ வட்டம் வடக்கே நழுவுகிறது.
ஆண்டுக்கு அரை விகலை.

எய்விந்தூர் அக்குரேரிக்குக் குடிபோய் மூன்று குளிர்காலம்.
வரைபடத்தில் பார்த்தேன்.
ஒரு பாகை என்றால் நூற்றுப் பதினோரு கிலோமீட்டர்.
அவன் அதிலும் கொஞ்சம்
மிச்சம் வைத்துத்தான் போயிருக்கிறான்.

போவதற்கு முந்திய வாரம்
ஸ்னோத்ராவைப் புதைத்தோம்,
அன்று பந்து நின்ற இடத்துக்கு வடக்கே, ஒரே எட்டில்.
வட்டத்துக்குள் கிடக்கட்டும், என்றான்,
ஆனிமாதச் சூரியன் அவளுக்கு மறையாது.
நாய்க்குப் போய் இப்படியா என்று சிரித்தேன்.
அவன் சிரிக்கவில்லை.
இன்றோடு மூன்று முறை தள்ளியாயிற்று.
நாற்பது மீட்டருக்கும் மேல்.
அவள் இப்போது தெற்கத்திக்காரி.

நெம்புகோலை இழுத்தேன்.
பந்து அசைய மறுத்தது, பிறகு
மறுக்க மறந்ததுபோல் உருண்டது,
ஆப்பை அமுக்கிக்கொண்டு
அப்பால் போய் நின்றது.

ஓட்கெல் வந்து நாடாவை நீட்டினார்.
ஒரு முழம் தாண்டிவிட்டது ஹல்பேரா.

விடுங்கள், என்றேன்,
பன்னிரண்டு நாளில் வட்டம் தானே வந்து சேரும்.

உதட்டை அசைத்துக் கணக்குப் போட்டார்.
பதினொன்று, என்றார்.
எனக்கும் ஒரு குவளை கொண்டுவந்திருந்தார்.
ஆறிப்போயிருந்தது.