பிடிமானம்

மூன்று மாதம் என் மூச்சைத்தான் சந்தேகப்பட்டேன்.
பிறகு காப்பியை.
பிறகு பள்ளத்தூர்க் கண்மாய்ப் பக்கம்
ஒன்பது மணிக்கு மேல் கிளம்பும் காற்றை.
தோட்டாப் பெட்டியைக்கூட மாற்றிப் பார்த்தேன்.
அட்டையில் துளைகள்
பந்தி முடிந்த இலையில் பருக்கைகள் மாதிரி
அங்கொன்று, இங்கொன்று.

சங்கத்துச் சாவி வைத்திருக்கும் அமலதாசன்
ஒன்றும் கேட்கவில்லை.
தொலைநோக்கியை இரண்டு விரலால் பிடித்து
லேசாகத் திருகினார்.
அசைந்தது. தலைமுடி அளவு.
"இதுதான் சிகப்பி" என்றார்,
டீ குடிக்கப் போய்விட்டார்.

இங்கே தலைமுடி அளவென்றால்
ஐம்பது மீட்டர் தள்ளி இரண்டு விரற்கடை.

எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும் மேடம்
என்று சொல்லி விற்ற தாங்கி அது.
எல்லாவற்றுக்கும் பொருந்துவது
எதையும் பிடிப்பதில்லை என்று
நாற்பத்தொரு வருடம் காரைக்குடியில் இருந்தும்
எனக்கு உறைக்கவில்லை.

என்னுடையது
தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரகம்.
ஒவ்வொரு வெடிக்கும் இரண்டு உதை.
பூட்டு பின்னால் போய் இடிக்கும்,
திரும்பி வந்தும் இடிக்கும்.
போகிற கோபத்தை எதுவும் தாங்கிவிடும்.
திரும்பி வருகிற கோபத்தில்தான்
திருகுகள் கழல்கின்றன.

எங்களவர் கல்யாணத்தில்
இசைகுடிமானம் எழுதுவார்கள்.
இரண்டு வீட்டையும் சேர்த்துக் கட்டுவது
அந்த ஒரு தாள்தான்.
என்னுடையதன் நகல் இன்னும் பீரோவில் இருக்கிறது,
சாமான் பட்டியலோடு.
வெள்ளிக் குத்துவிளக்கு முதல் பிளாஸ்க் வரை
ஒன்று விடாமல் எழுதியிருக்கிறார்கள்.
எத்தனை உதை தாங்கும் என்று மட்டும்
எவரும் எழுதவில்லை.
ஏழு வருடம் தாங்கியது.
அதற்கு மேல் இந்தக் கவிதையில்
அவருக்கு இடமில்லை.

இந்தத் தடவை கேள்விகளோடு போனேன்.
அடிக்கட்டை ஒரே துண்டா?
குறுக்காணி பள்ளத்தில் முட்டி உட்காருமா,
சும்மா மேலே படுத்திருக்குமா?
வளையத்துக்கு நாலு திருகா, இரண்டா?
காலிக் கூடு தெறிக்கையில் வழி விடுமா?
கன்னம் வைத்தால் கண்ணுக்கு நேரே வருமா,
நான் கழுத்தை நீட்டித் தேடணுமா?
கழற்றி மாட்டினால்
பழைய புள்ளிக்கே திரும்புமா?

"திரும்பும்னு பெட்டியில போட்டிருக்கு."

பெட்டியில் என்னென்னவோ போட்டிருக்கும்.
பாத்திரக்கடை வைத்திருப்பவளுக்குத் தெரியாதா.

ஒன்பதாயிரத்து நானூறு.
கல்லுக்கட்டியில் என் கடையில்
அந்தக் காசுக்கு நாலு இட்லிக் கொப்பரை வரும்.
தூக்கிப் பார்த்தேன், நகத்தால் சுண்டினேன்.
கெட்டியான பொருளுக்கு ஒரு ஊமைச் சத்தம் உண்டு.
வாங்கிவிட்டேன்.

இரவு கதவைச் சாத்திவிட்டு
எண்ணெய்ப் பசை போகத் துடைத்தேன்.
எதிரெதிர்த் திருகாக, கொஞ்சம் கொஞ்சமாக.
இறுக்குவது வேறு, நெரிப்பது வேறு.
அளவுச் சாவி 'டக்' என்றதும்
கையை எடுத்துவிட வேண்டும்.
(அந்த 'டக்' கேட்கும் காது
எனக்கு அப்போதெல்லாம் இல்லை.)
திருகிலிருந்து வளையத்துக்கு
சிவப்பு நகப்பூச்சில் ஒரு கோடு.
நகர்ந்தால் கோடு உடையும்,
சொல்லிவிடும்.

பழைய தாங்கி கல்லாவில் இருக்கிறது.
மின்விசிறியில் பில்கள் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.
அந்த வேலைக்குப் பொருத்தம்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து சுட்டேன்.
கழற்றினேன்.
செம்மண் பொட்டலில் நிறுத்திய காருக்குள்
இரண்டு மணி நேரம் வேகவிட்டேன்.
மறுபடி மாட்டி இன்னும் ஐந்து.
கோடுகள் உடையவில்லை.

ஒரு ரூபாய்க் காசு வைத்தால்
ஒன்பது துளையும் மறைந்துவிடும்.
பத்தாவது மட்டும்
வலப்பக்கம், தன்னந்தனியாக.
அமலதாசன் அட்டையைப் பார்த்தார்.
தாங்கியை ஆட்டிப் பார்க்கக் கை நீட்டினார்.

வேண்டாம் என்றேன்.
அது நான்.