சில்லறைக் கசப்பு

ராசப்ப செட்டித் தெருவில்
சாக்குகள் எல்லாம் வாயைத் திறந்தே இருக்கின்றன,
பல் டாக்டர் எதிரே உட்கார்ந்தவை போல.
அடுத்த ட்ரிப்புக்கு நாற்பது நிமிடம் இருந்தது.
காக்கிச் சட்டையோடு போய் நின்றேன்.

"செரிக்கிற மாதிரி ஏதாவது குடுங்க."

அமிர்தகௌரி தராசிலிருந்து கண்ணை எடுக்காமல்,
"எது செரிக்கல?"

எதை என்று சொல்ல.
மூன்றரை மணிக்கு டிப்போ டீ,
பதினொன்றுக்கு விறைத்துப்போன பொங்கல்,
மதியச் சாப்பாடு என்ற பெயரில்
குரோம்பேட்டை சிக்னலில் நாலு வாய்.
அதுவும் பாதி நாள்
டைம் கீப்பர் கூப்பிட மூடிய டப்பா.
இருபத்திரண்டு வருடம் நின்றுகொண்டே தின்றதில்
வயிறு என்னிடம் சொல்லாமல்
ஏதோ ஒரு ஸ்டாப்பில் இறங்கிவிட்டது.

டிரைவர் ஏகாம்பரம் ரோஸ் கலர் மருந்து வைத்திருக்கிறார்.
"குலுக்கணும்னு எழுதிருக்கு,
அத நம்ம வண்டியே பாத்துக்கும்" என்பார்.
வேதவல்லி ஓமத்தை வறுத்துத் தருவாள்,
தந்துவிட்டு நான் ஏப்பம் விடும்வரை
எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள்.
அவளுக்காக இரண்டு முறை
பொய் ஏப்பம் விட்டிருக்கிறேன்.

கசப்புதான் வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.
மருந்து என்றால்
முகம் கோணினால்தானே கொடுத்த காசுக்கு நியாயம்.

தினசரித் தாளைக் கிழித்துப் பரப்பி
கிள்ளிக் கிள்ளி வைத்தாள்.
நிலவேம்பு நாக்கில் பட்டதும்
ஓடுகிற வண்டியில் தாவி ஏறிய காலேஜ் பையன் மாதிரி
கடைசி ஸ்டாப் வரை கத்திக்கொண்டே வந்தது.
சீந்தில் அப்படியில்லை.
முதலில் ஒன்றுமே தெரியாது,
அப்புறம் தொண்டையில் உட்கார்ந்து
யாருக்கும் இடம் விடாது.
கடுக்காய் கசப்பிலேயே சேர்த்தியில்லை,
வாயை உள்ளுக்கு இழுத்துத் தைத்தது.
பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தேன்.
குழாய்த் தண்ணீர் இனித்தது.
மெட்ரோ வாட்டர் இனித்து
என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

"நிலவேம்பே கட்டுங்க. கால் கிலோ."

கட்டப்போனவள் நிறுத்தினாள்.
"சர்க்கரை இருக்கா?"
"காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."
சாக்கின் வாயைச் சுருட்டி மூடினாள்.
"அப்ப இது கிடையாது.
மாத்திரையும் கீழ இறக்கும், இதுவும் இறக்கும்.
படிக்கட்டுப் பக்கம் நிக்கிற ஆளு நீங்க.
டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க."

தினம் நூறு பேரிடம் நான் சொல்வது,
'இதுல ஏறாதே, பின்னாடி வண்டி வருது.'
என்னிடம் ஒருத்தர் சொல்லிக் கேட்டதில்லை.
கொஞ்சம் கோபம் வந்தது.
கொஞ்சம் நேரம் அங்கேயே நின்றேன்.

கடைசியில் சுண்டை வற்றல் நூறு கிராம்.
"சோத்தோட தொட்டுக்கங்க. உக்காந்து."
"உக்காந்தா மெமோ குடுப்பாங்கம்மா."
சிரிக்கவில்லை. சில்லறை கேட்டாள்.
கண்டக்டரிடம் சில்லறை இல்லை என்றால்
யார் நம்புவார்கள். தந்தேன்.

வண்டிக்குத் திரும்பினால் ஏகாம்பரம் ஸ்டார்ட் பண்ணியாயிற்று.
டிக்கெட் மெஷின் செத்துக் கிடந்தது.
பையின் அடியிலிருந்து
பழைய காகிதக் கட்டைத் தேடி எடுத்தேன்.
பழக்கம்,
விரலை நாக்கில் தொட்டேன்.
நிலவேம்பு இன்னும் இறங்கவில்லை.

சைதாப்பேட்டை வரைக்கும்
ஆளுக்குக் கொஞ்சம் கிழித்துக் கொடுத்தேன்.
யாரும் கவனிக்கவில்லை.
ஒருத்தர் அதைச் சுருட்டிக் காது குடைந்தார்.
ஜன்னலோரம் அம்மா மடியில் இருந்த குழந்தை மட்டும்
டிக்கெட்டை வாயில் வைத்தது,
முகத்தை ஒரு பிடி சுருக்கியது,
எடுத்து உற்றுப் பார்த்தது,
மறுபடியும் வைத்துக்கொண்டது.