மூன்றாம் திருத்தம்

நகராட்சியிலிருந்து வரைபடம் திரும்பி வந்தது,
மூன்றாம் முறையாக.
சிவப்பு மை இல்லை. பென்சிலில் ஒரு கேள்வி:
"ஆகஸ்ட், மதியம் இரண்டு மணி.
பஸ்ஸுக்கு நிற்பவர் எங்கே நிற்பார்?"

எரிச்சலோடுதான் ரூவிக்குப் போனேன்.
ஸுஹூர் முன்பே வந்திருந்தாள், கையில் டேப்.
மின்கம்பத்தின் நிழல் ஒரு சாண் அகலம்;
அதற்குள் தன்னை மடித்து நின்றிருந்தான்
தண்ணீர் கேன் போடும் பையன்.
நாங்கள் அளந்தோம். அவன் நகர்ந்துகொண்டே இருந்தான்,
நிழலோடு.

தரைத்தளத்தை இரண்டரை மீட்டர் உள்ளே தள்ளினேன்.
ஈடாக மேலே அரைத்தளம் கேட்டேன்.
"கால்" என்றாள். பேரம் படிந்தது.
"நிழலுக்கு யார் வாடகை தருவார்?" என்றார் முதலாளி.

இன்று முத்திரை விழுந்தது.
கட்டடம் எழ இரண்டு கோடை ஆகும்.
அதுவரை அந்தக் கம்பம்.