கேட் மூடல்

முதல் வேலை மூட்டை எண்ணுவது.
கொருக்குப்பேட்டை மழைநீர்க் கால்வாய், பகுதி மூன்று.
சிமென்ட் எத்தனை வந்தது, எத்தனை போனது,
எத்தனை நனைந்து கல்லாய்ப் போனது.
கடைசிக் கணக்கை யாரும் கேட்கவில்லை.
அதையும் எழுதி வைத்தேன்,
பால் கணக்கு நோட்டில், பென்சிலால்.

மேனேஜர் சுதர்சனம் அடையாற்றிலிருந்து வருவார்.
அவர் அறைச் சுவர் நிறைய நீலப் பட்டைகள்.
ஒன்று முடிகிற இடத்தில் மற்றொன்று தொடங்கும்,
மாடிப்படி மாதிரி. அழகுதான்.
எந்தப் படியிலும் சரக்கு ரயில் இல்லை.

பத்து இருபதுக்கு மூடுகிற கேட்
பத்து ஐம்பத்தைந்துக்குத் திறக்கும்.
சில நாள் பதினொன்றே கால்.
கலவை லாரி வயிற்றைச் சுழற்றிக்கொண்டு நிற்கும்.
டிரைவர் தேசிங்கு இறங்கிவந்து சொல்வார்:
"மேடம், உள்ள இறுகுது."
மூட்டை எண்ணுகிறவளை
அதுவரை ஒருவரும் மேடம் என்றதில்லை.

இரண்டு மாதம் கேட்டை எழுதினேன்.
திங்கட்கிழமைக் கூட்டத்தில் நோட்டை நீட்டினேன்.
சார் வெகுநேரம் புரட்டினார்.
மறுநாள் சுவரில், சிவப்பில், ஒரு பட்டை:
கேட் மூடல்.
கான்கிரீட் இரவுக்கு மாறியது.
சம்பளம் இரண்டாயிரம் ஏறியது.
உட்கார நாற்காலி வர இன்னும் ஒரு வருடம்.

பிறகு பரீட்சை.
பேசின் பிரிட்ஜ் சிக்னலில் மின்சார ரயில்
நின்ற நேரமெல்லாம் படித்தேன்.
மிதவை என்று ஒரு பாடம்:
ஒரு வேலையை எத்தனை நாள் தள்ளிப்போட்டால்
மொத்தத் திட்டம் தள்ளிப்போகாது என்பது.
என் கல்யாணப் பேச்சை
அதில்தான் போட்டு வைத்திருந்தேன்.

இப்போது திருவொற்றியூர்.
குடிநீர்க் குழாய், பதினோரு கிலோமீட்டர்,
நாற்பத்திரண்டு பேர்.
போன வாரம் நரசய்யாவின் ஒப்பந்தத்தை நிறுத்தினேன்.
ஐந்து முறை தவணை தவறினார்,
கணக்கு சரி, கடிதமும் சரி.
மகள் சடங்குக்குப் பத்திரிகை வைத்துவிட்டுப்
போயிருந்தார், அதே மேசையில்.
கடிதத்தைப் பத்திரிகைமேல் வைக்காமல்
பக்கத்தில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

இரவு தண்டையார்பேட்டை திரும்பினால்
எங்கள் தெருவையே தோண்டிப் போட்டிருக்கிறார்கள்.
வேறு கம்பெனி.
பணி முடியும் நாள் என்று தகரப் பலகை.
நகத்தால் சுரண்டினேன்:
ஜூனுக்கு அடியில் மார்ச்,
மார்ச்சுக்கு அடியில் நவம்பர்.
பெயின்ட் பூசிய கையை எனக்குத் தெரியும்,
ஆளைத் தெரியாது.

எதிர்வீட்டு மரியபுஷ்பம்
இட்லி மாவுத் தூக்கோடு பள்ளத்தின் அந்தப்பக்கம்.
"இன்னாம்மா, இதானே உன் வேலை?
எப்பதான் முடிப்பானுங்க?"

அடுத்த வெள்ளிக்கிழமை என்று
வாய்வரைக்கும் வந்துவிட்டது.
"தெரியலக்கா" என்றேன்.
குறுக்கே போட்ட சென்ட்ரிங் பலகை ஆடியது.
அவள் கடந்து வரும்வரை
இந்த முனையை
ஷூவால் அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தேன்.